நல்ல நாளின் மூச்சு

ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கும் ஒருவரை முதலில் பரிசோதிப்பவர் மருத்துவர் இல்லை. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர்தான். அவர் எழுந்து விளக்கைப் போடுகிறாரா, "தண்ணி குடிச்சிட்டுப் படு" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்கிறாரா என்பதில் பல நேரம் ஓர் உயிரே இருக்கிறது.

அரசு மருத்துவமனைகளின் நெஞ்சுநோய் வார்டுகளில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விடியும் முன்னே ஆட்டோவிலும் வேனிலும் தூக்கிவந்து இறக்கப்பட்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சரியான நேரத்தில் வந்து சேர்ந்தவர்களின் வீட்டில் பெரும்பாலும் மூச்சைக் கேட்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் போகாத பாட்டியாக இருப்பார், எட்டாவது படிக்கும் பெண்ணாக இருப்பாள். "வழக்கமா வர்ற இளைப்பு இல்ல சிஸ்டர், இது வேற மாதிரி இருக்கு" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் நாங்கள் மற்ற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம்.

அப்படிச் சொல்வதற்கு இரண்டு தேவை. மூச்சின் கோளாறுகளைப் பிரித்துச் சொல்லும் சொற்கள் தேவை. நோய் இல்லாத நாளில் அந்த மனிதரின் மூச்சு எப்படி இருக்கும் என்ற நினைவு தேவை. சொற்கள் நம் மொழியில் தாராளமாக இருக்கின்றன. நினைவை நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும். பிள்ளை பெற்றவர்களும் பெற்றோரை வைத்துப் பார்ப்பவர்களும் இந்த இரண்டையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

சொல்லத் தெரிந்தால்

இன்றைக்குக் கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் "வீசிங்" என்ற ஒரே சொல்தான். "வீசிங் வந்துடுச்சு", "வீசிங்குக்கு மாத்திரை குடுங்க" என்கிறோம். நெஞ்சிலிருந்து விசில் போல வரும் சத்தத்துக்கான சொல் அது. வீட்டுப் பேச்சில் கலந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, சளி கட்டிக் கரகரப்பது, பயத்தில் நெஞ்சு படபடப்பது எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டால் கேட்கிற மருத்துவருக்கு எதுவும் பிடிபடாது.

நம்மவர்கள் முன்பெல்லாம் எவ்வளவு நுட்பமாகச் சொன்னார்கள்! "மூச்சிரைக்குது" என்றால் ஓடியோ சுமந்தோ வந்தவருக்கு வரும் வேகமூச்சு. உட்கார்ந்தால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். "மூச்சு வாங்குது" என்பவர், முன்பு சுலபமாகச் செய்த வேலை இப்போது முடியவில்லை என்கிறார். "போன வருஷம் மலைக்கோயில் படி ஏறுனேன், இப்போ வாசப்படி ஏறினாலே வாங்குது" என்று ஒருவர் சொன்னால், நுரையீரலை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பக் கூடாது. இதயத்தையும் பார்க்க வேண்டும், ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "எளப்பு" என்பார்கள், அது நெஞ்சுக்குள் சத்தத்தோடு வரும், சில நாள் இருக்கும், போய்விடும், மறுபடி வரும். "நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துது" என்று ஒரு தாய் சொன்னால், குழல் வைத்துக் கேட்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். "மூச்சு முட்டுது" என்றால் காற்றே போதவில்லை என்ற தவிப்பு. "நெஞ்சடைக்குது" என்றால் பாரம் வைத்து அழுத்துவது. இந்தச் சொல்லை நடுவயதைத் தாண்டியவர் வியர்வையோடு சொன்னால் இதயத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. "மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது" என்றால் ஒவ்வொரு மூச்சுக்கும் தோளும் கழுத்தும் வயிறும் சேர்ந்து பாடுபடுகின்றன.

சில சொற்கள் ஊருக்கு ஊர் மாறும். "புள்ளைக்கு இழுப்பு" என்று அலறிக்கொண்டு வருவார்கள். சில ஊர்களில் அது வலிப்பு, சில ஊர்களில் மூச்சிழுப்பு. அனுபவமுள்ள செவிலி உடனே "கை காலா, நெஞ்சா?" என்று கேட்பாள். இலங்கைத் தமிழர்கள் ஆஸ்துமாவைத் "தொய்வு" என்றும் "முட்டு" என்றும் சொல்வார்கள். சித்த மருத்துவர்கள் இரைப்பு என்றும் ஈளை என்றும் சுவாசகாசம் என்றும் பேசுவார்கள். ஆஸ்துமா என்ற சொல்லே பழைய கிரேக்கத்தில் மூச்சிரைப்பைக் குறித்ததுதான். மூச்சு சிரமப்படும்போது மனிதர்கள் எல்லா ஊரிலும் அந்தச் சத்தத்தைத்தான் முதலில் கவனித்திருக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போனால் அம்மாவைப் பேச விடுங்கள். அவர் "படுத்தா ஒரு மாதிரி அமுக்குது, எழுந்து உக்காந்தா தேவலாம்" என்று தொடங்கும்போது, "வீசிங்தான் டாக்டர்" என்று குறுக்கே விழுந்து சுருக்கிவிடாதீர்கள். அவர் சொன்ன அந்த நாட்டுப்புறப் பேச்சில் ஒரு நோயின் அடையாளம் முழுசாக இருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு மூன்று தலையணை அடுக்கினால்தான் தூக்கம் வருவது, நடுராத்திரி திடுக்கிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பது, கணுக்கால் வீங்குவது - இவை சேர்ந்து வந்தால் இதயம் ரத்தத்தைச் சரியாக வெளியே தள்ளாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். அங்கேயும் விசில் சத்தம் கேட்கும். சத்தம் ஒன்றாக இருந்தாலும் மருந்து வேறு. அதைப் பிரித்துக் காட்டுவது அம்மாவின் சொந்தச் சொற்கள்தான்.

வெளியே போக முடியாத காற்று

இளைப்பு வந்தவர் காற்றை உள்ளே இழுக்க முடியாமல் தவிக்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே போன காற்றை வெளியே விடுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. நுரையீரலுக்குள் போகும் மூச்சுக்குழாய் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து சிறுத்துக்கொண்டே போகிறது. ஆஸ்துமாவில் அந்தச் சிறு குழாய்களைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கோழை சுரந்து அடைக்கிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழாயும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். விடும்போது நெஞ்சு சுருங்க, குழாயும் சேர்ந்து குறுகும். அந்த இடுக்கில் காற்று பிதுங்கி வரும்போதுதான் சத்தம் எழுகிறது. அதனால் இளைப்புக்காரரின் மூச்சில் விடும் நேரம் நீண்டுகொண்டே போகும். போன மூச்சு முழுசாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சுக்கு உடம்பு தவிக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் வீட்டிலேயே ஒரு பெரிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம். சத்தம் மூச்சை விடும்போது வருகிறதா, இழுக்கும்போது வருகிறதா என்று கேளுங்கள். விடும்போது வந்தால் கோளாறு பெரும்பாலும் நெஞ்சுக்குள் இருக்கும் சிறு குழாய்களில். இழுக்கும்போது கரடுமுரடாக வந்தால் தொண்டையிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ அடைப்பு இருக்கலாம். அதில் காத்திருக்க நேரமே கிடையாது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று இருமி, அதன் பிறகு மூச்சில் சத்தம் வந்தால், வேர்க்கடலையோ பட்டாணியோ பொம்மையின் சின்னத் துண்டோ மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கக்கூடும். "இப்ப இருமல் நின்னுடுச்சே" என்று ஆறுதல் அடையாதீர்கள். சளி மருந்து ஊற்றி நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

குழந்தைகளுக்குச் சத்தத்தோடு வேகத்தையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கடிகாரமும் பொறுமையுள்ள கண்ணும் இருந்தால் எந்த அம்மாவும் எந்த அங்கன்வாடி ஊழியரும் இதைச் செய்துவிடலாம்.

புகையும் பஞ்சும்

மூச்சுக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாலே பாதி தெரியும். வார்டில் நான் பார்த்த வயதான பெண்கள் பலர் ஆயுளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனால் நுரையீரல் நீண்டகாலப் புகைபிடிப்பவரின் நுரையீரல் போல இருந்தது. ஜன்னல் இல்லாத அடுப்படியில், ஈர விறகை ஊதி ஊதி, மூன்று தலைமுறைக்குச் சோறு வடித்தவர்கள் அவர்கள். "ஒரு இழுப்புகூட இழுக்காத எனக்கு ஏம்மா இது?" என்று கேட்பார்கள். அடுப்பின் முன்னே உட்கார்ந்து அவர்கள் சுவாசித்த புகைக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. எரிவாயு அடுப்பு ஏழை வீடுகளுக்கும் வந்ததை நான் நெஞ்சாரப் போற்றுகிறேன். அது சமையலை எளிதாக்கியது, அதைவிட முக்கியமாகப் பெண்களின் நுரையீரலைக் காப்பாற்றியது. சிலிண்டர் விலைக்குப் பயந்து இன்னும் பாதிச் சமையலை விறகில் செய்கிற வீடுகளில், அடுப்பையாவது வெளிக்காற்றுக்கு மாற்றிவைக்கச் சொல்லுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊத வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தலைக்குக் குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். அதில் இருக்கும் அன்பு எனக்குத் தெரியும்; ஈரம் தலையில் தங்கிவிடக் கூடாதே என்ற கவலை அது. ஆனால் இளைப்பு வரும் குழந்தைக்கு அந்தப் புகை நேரே நெஞ்சில் போய்த் தைக்கும். மெல்லிய துண்டால் துவட்டிவிட்டால் போதும். கதவை அடைத்துக்கொண்டு ஏற்றும் கொசுவர்த்தியும், போகியன்று தெருவில் எரியும் டயரும், தீபாவளிக்கு மறுநாள் காலை வரை தேங்கி நிற்கும் மத்தாப்புப் புகையும் அப்படித்தான். பண்டிகைக்கு முந்தின வாரமே இளைப்புக்காரர்கள் மருந்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவைத்துவிட வேண்டும்.

தொழிலும் நெஞ்சில் பதியும். கோயம்புத்தூர், ராஜபாளையம் போன்ற ஊர்களின் பஞ்சாலைகளில் பஞ்சு தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வரும் பிசினோசிஸ் என்ற நோய்க்கு ஒரு தனி அடையாளம் உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாட்களில் குறைந்தது போல இருக்கும். ஆரம்பத்தில் அந்த ஒரு நாளோடு நிற்கும். வருஷம் ஆக ஆக எல்லா நாளும் இறுகத் தொடங்கும். "லீவு முடிஞ்சு போனாத்தான் நெஞ்சைப் பிடிக்குது" என்று கணவர் சொன்னால், வேலைக்குப் போகச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தன் நோயின் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்லுடைக்கும் இடத்திலும் மாவு மில்லிலும் மர அறுவையிலும் வேலை செய்பவர்களிடமும் "வேலையில்லாத நாளில் மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

பம்பு பற்றிய பயம்

"பம்பு வெச்சா பழக்கமாயிடும்", "கடைசி ஸ்டேஜுக்குத்தான் பம்பு", "பொண்ணு கையில பம்பைப் பார்த்தா யாரு கட்டுவா?" என்று இன்ஹேலரைப் பற்றிப் பேசும் மூன்று பேச்சுகளும் நோயைவிட அதிகத் தீங்கு செய்ததை நான் கண்டிருக்கிறேன்.

கையில் அடங்கும் இன்ஹேலர் பிறந்ததே ஒரு சிறுமியின் கேள்வியால்தான். அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி மருந்தை உறிஞ்சிச் சலித்த அவள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல இதையும் ஏன் டப்பாவில் அடைக்கக் கூடாது என்று அப்பாவிடம் கேட்டாள். 1956-இல் அளவு மாறாமல் மருந்து தரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. 1969-இல் இறுகிய குழாயைத் தளர்த்தும் சால்புட்டமால் வந்தது. அதன் பிறகு வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் 1970-களில் இன்ஹேலராக வந்தது. நோயாளியின் சிரமத்தைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு வீட்டிலிருந்து உலகத்துக்குக் கிடைத்த நன்மை இது.

பயப்படுபவர்களுக்கு நான் சொல்வது ஒரு சின்னக் கணக்கு. சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுவதும் சுற்றி, கை நடுக்கமும் படபடப்பும் தந்த பிறகே நெஞ்சுக்கு வருகிறது. இன்ஹேலர் போக வேண்டிய இடத்துக்கே நேராகப் போகிறது. எளிய மருந்து எது என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு வகை இன்ஹேலர் இருப்பதையும் வீட்டார் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று இறுகிய குழாயை உடனே தளர்த்தும். மற்றது வீக்கத்தைத் தினமும் தணித்து, இளைப்பு வராமலேயே காக்கும். முதலாவது உடனே சுகம் தருவதால் அதை மட்டும் அழுத்திக்கொண்டு இரண்டாவதை நிறுத்திவிடுவார்கள். சுகம் கிடைக்கும், வீக்கம் உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே இருக்கும். உடனடி நிவாரண மருந்தை மட்டும் நம்பி ஆஸ்துமாவை நடத்த வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்களே 2019 முதல் சொல்கின்றன. குழந்தைக்கும் வயதானவருக்கும் இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டிக் கொடுப்பதும், ஸ்டீராய்டு மருந்து எடுத்தபின் வாய் கொப்புளித்துத் துப்புவதும் சின்ன விஷயங்கள். ஆனால் அவற்றைச் செய்தால் மருந்தின் பலன் கூடும், பக்கவிளைவு குறையும்.

நாட்டு மருந்தை நான் இழிவாகப் பேசுபவள் அல்ல. நம் வேலியோரத்து ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து உருவாகி 1963-இல் வந்தது. இன்று இருமல் சிரப்புகளில் பரவலாக இருக்கும் அம்ப்ராக்சாலும் அதன் வழியில் வந்ததே. தூதுவளை ரசம் வையுங்கள், ஆடாதோடைக் கஷாயம் குடியுங்கள். ஆனால் நெஞ்சு இறுகி மேல்மூச்சு வாங்கும் நேரத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நேரத்துக்குரிய மருந்து இன்ஹேலரும் ஆக்சிஜனும்தான்.

பெண்ணின் இளைப்பை மறைத்துத் திருமணம் செய்துகொடுக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. மறைக்கப்பட்ட மருந்தைப் புகுந்த வீட்டில் உங்கள் பெண் குளியலறைக்குள் ஒளிந்து எடுக்க வேண்டியிருக்கும். நடுராத்திரி சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தலையணையில் முகம் புதைப்பாள். வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டு ஒதுங்கும் குடும்பம் ஒதுங்கட்டும். உங்கள் பெண்ணின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்கப் போகும் குடும்பம் தானாக வரும்.

சத்தம் அடங்கும்போது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். கடுமையான இளைப்பில் சத்தம் குறைவது சில நேரம் சுகமாவதன் அடையாளம் அல்ல. விசில் எழ வேண்டுமானால் இடுக்கு வழியாகக் காற்று ஓட வேண்டும். குழாய் மிகவும் அடைத்துக்கொண்டு காற்றோட்டம் மிகக் குறைந்துபோனால் சத்தமும் நின்றுபோகும். அதை மருத்துவர்கள் மௌன நெஞ்சு என்பார்கள். வார்டில் எல்லோரையும் ஓட வைக்கும் நிலை அது.

இதைத் தெரியாத வீட்டில் என்ன நடக்கிறது? ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டிருந்தவர் விடியும் நேரத்தில் அமைதியாகிறார். கண் சொருகுகிறது. "பாவம், இப்பத்தான் தூங்குறான், எழுப்பாதீங்க" என்று அம்மா எல்லோரையும் அடக்குகிறாள். அவன் தூங்கவில்லை; மூச்சுவிட்டு மூச்சுவிட்டுத் தசைகள் ஓய்ந்துபோய் மயங்கிக்கொண்டிருக்கிறான். நல்ல அமைதிக்கும் கெட்ட அமைதிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவனிடம் பேச்சுக் கொடுங்கள். சுகமாகி அமைதியானவர் ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லுவார், படுத்துக்கொள்வார், முகத்தில் தெளிவு இருக்கும். மோசமானவர் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குவார், படுக்க மறுப்பார் அல்லது பதிலே சொல்ல மாட்டார். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கும். கழுத்தெலும்புக்கு மேலே குழி விழும். அப்போது ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உட்கார்ந்த நிலையிலேயே வைத்து, உடனடி நிவாரண இன்ஹேலரை மருத்துவர் முன்பே சொல்லிக்கொடுத்தபடி கொடுத்துக்கொண்டே இருங்கள்.

குறட்டையிலும் இப்படி ஒரு மௌனம் உண்டு. ஓங்கி ஒலிக்கும் குறட்டை பட்டென்று நிற்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி மூச்சே இல்லை. பிறகு திடுக்கென்று ஒரு பெரிய இழுப்போடு மறுபடி தொடங்குகிறது. தூங்குபவருக்கு இது எதுவும் தெரியாது. காலையில் தலைவலியோடு எழுவார், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்வார். லாரியும் பேருந்தும் ஓட்டுபவர் என்றால் அந்தக் கண்ணயர்வில் பல குடும்பங்களின் உயிர் இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் 1981-இல் மூக்கு வழியாக இதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தூக்கத்தில் தொண்டையில் விழும் அடைப்பைத் திறந்துவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சிகிச்சை இருக்கிறது. ஆனால் நோயைக் கண்டு சொல்ல வேண்டியவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். மனைவிமார்களே, குறட்டைச் சத்தம் தாங்காமல் வேறு அறைக்குப் போகும் முன் ஓர் இரவு அந்த இடைவெளியைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூச்சுக்குச் சொன்னது மனிதர்களுக்கும் பொருந்தும் என்பதை வயது எனக்குக் காட்டியிருக்கிறது. வீட்டில் ஓயாமல் முனகிக்கொண்டிருந்த பெரியவர் ஒருநாள் முனகலை நிறுத்திவிட்டால், "இப்பத்தான் மாமா அடங்கியிருக்கார்" என்று நிம்மதிப்படுகிறோம். சண்டை போட்டுக்கொண்டிருந்த மருமகள் பேச்சை நிறுத்திவிட்டால் வீடு அமைதியாயிற்று என்கிறோம். எதிர்த்துப் பேசிய பிள்ளை தலையாட்டத் தொடங்கினால் திருந்திவிட்டான் என்கிறோம். அந்த அமைதி தெளிந்து வந்ததா, ஓய்ந்து வந்ததா என்று அவர்களிடமும் பேச்சுக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

படுக்கையருகே பேசும் சொல்

1816-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். நேரே காதை வைப்பது அவளுக்குக் கூச்சம் தரும் என்பதால் செய்த ஏற்பாடு அது. ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. நெஞ்சுக்குள் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் பெயர் வைத்தார். பொதுவாக அவற்றை "ரால்" என்ற பிரெஞ்சுச் சொல்லால் குறித்தார். ஆனால் சாகப் போகிறவரின் தொண்டையில் எழும் சத்தத்தையும் பிரெஞ்சுக்காரர்கள் அதே சொல்லால்தான் சொல்வார்கள். நோயாளி கேட்டால் பயந்துவிடுவாரே என்று, படுக்கையருகே பேசும்போது "ராங்கஸ்" என்ற லத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். இன்றும் நம் மருத்துவர்கள் குழல் வைத்துப் பார்த்துவிட்டு "ராங்கை இருக்கு" என்று எழுதச் சொல்வது அந்தச் சொல்லின் பன்மையைத்தான். 1826-இல் அவரே காசநோயால் இறந்துபோனார்.

அந்த மனிதரின் இரண்டு நல்ல குணங்களை நான் என்னிடம் படித்த இளம் செவிலியர்களுக்கு எப்போதும் சொல்லுவேன். மருத்துவக் குறிப்பில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். நோயாளியின் காதில் விழும் சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பேச வேண்டும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? படுக்கையைச் சுற்றி நின்றுகொண்டு, "மேல்மூச்சு வாங்குது", "இழுத்துக்கிட்டுக் கிடக்கு", "இன்னும் எத்தனை நேரமோ" என்கிறோம். கண் மூடியிருந்தாலும் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். பெற்ற பிள்ளையின் குரலில் அவர் கடைசியாகக் கேட்க வேண்டிய சொல் அதுவா?

முடிவு நெருங்கியவரின் தொண்டையில் கரகரவென்று வரும் சத்தம் உறவினர்களை உலுக்கிவிடும். விழுங்கும் சக்தியும் இருமும் சக்தியும் போனதால் அங்கே தங்கும் எச்சிலும் சளியும் மூச்சோடு அசைவதுதான் அது. கேட்பவருக்குத் தெரியும் அளவு வேதனை பெரும்பாலும் அவருக்கு இருப்பதில்லை. அவரை மெதுவாக ஒருபக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள், தலையைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு அப்படி இருக்கும்போது பாலையும் கங்கை நீரையும் வாயில் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். ஈரத் துணியால் உதட்டை நனைத்தாலே உங்கள் கடமையும் அன்பும் போய்ச் சேர்ந்துவிடும். கையைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லாமல், நீங்கள் சின்ன வயதில் கூப்பிட்ட உறவுமுறையைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இன்றைக்கே தொடங்குங்கள்

இவ்வளவும் படித்துவிட்டு, வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்குப் பதற்றம்தான் இருக்கும். கற்க நேரம் இருக்காது. எல்லோரும் சுகமாக இருக்கும் இந்த நாளில் கேட்டுவையுங்கள்.

தூங்கும் குழந்தையின் வயிறு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்பா எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், எத்தனை படி ஏறியதும் நிற்கிறார் என்று பாருங்கள். அம்மா பேசும்போது எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கவனியுங்கள். இளைப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால், இன்ஹேலர் எங்கே இருக்கிறது, அதில் மருந்து மிச்சம் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான மூச்சு எப்படி, எதெல்லாம் மோசமான அடையாளம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது வயதானவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மூச்சு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவர் தன் சொல்லில் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போன வாரம் சொன்னதும் இந்த வாரம் சொல்வதும் மாறியிருந்தால், அதே சொற்களை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். வேறு எந்தச் சேமிப்பும் உதவாத ஓர் இரவில் நீங்கள் சேர்த்துவைத்த இந்தக் கவனம் உதவும்.